உதைக்கப் பழகிய இரண்டு மாதம்

1

இந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வரவில்லை. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த இந்த இருபத்தைந்து வருஷத்தில் தபசு தவறியது இதுதான் முதல் தடவை. போனில் விசாரித்தவர்களிடமெல்லாம் காலில் சுளுக்கு என்றேன். சுளுக்கு இருந்தது நிஜம். அதனால்தான் வரவில்லை என்பது பொய்.

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் தீபாவளிக்குப் போடுகிற மலருக்கு, "வெளியூர்ல இருக்கவ, நீயும் ஏதாவது எழுதிக் குடேன்" என்று ராஜம் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அமெரிக்காவில் இருக்கிறவள் பனியைப் பற்றி எழுதினாள். மஸ்கட்டில் இருக்கிறவள் வெயிலைப் பற்றி எழுதினாள். நான் எதை எழுத? சங்கரன்கோவிலில் காலையில் பஸ் ஏறி, செங்கோட்டை வழியாக மலை இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரமனையில் என் வீட்டுக்கு வந்துவிடலாம். இதையும் வெளிநாட்டில் சேர்ப்பாயாக்கும் என்று நீங்கள் சிரிப்பீர்கள். போன ஆனி மாதம் வரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ராஜம், இந்தா, எழுதிவிட்டேன். நாற்பத்தேழு வயதில் நான் குத்துச்சண்டை பழகப் போன கதை. குத்து மட்டும் இல்லை, உதையும் உண்டு. சிரிக்க வேண்டியவர்கள் முதல் பாதியிலேயே சிரித்து முடித்துவிடுங்கள்.

2

என் மகள் செல்விக்கு இருபத்துநாலு வயது. பி.காம். முடித்துவிட்டு ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் தம்பானூரில் ஒரு சைவ ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். ஜாங்கிரி, மிக்சர், காராசேவு எல்லாம் அவர் கைதான். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். செல்விக்கு இளையவன் ஒருத்தன், காலேஜில் படிக்கிறான்.

என் வீட்டுக்காரருடைய அக்காள் மகன் ஊரில் தறி போட்டிருக்கிறான். செல்வி பெரியவளான நாளிலிருந்து அக்காள் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பையனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதிகம் பேசமாட்டான், அவ்வளவுதான். செல்விக்குத்தான் அந்த ஊர் வேண்டாம். "அங்க போயி நான் எந்து செய்யும்? எனக்கு ஒருத்தரைக்கூடத் தெரியாதல்லே?" என்பாள். எனக்கு அது ஊர். அவளுக்கு அது லீவுக்கு நாலு நாள் போய், கொசுக்கடி வாங்கிக்கொண்டு வருகிற இடம். அங்கே போனால் அவள் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் வீம்புக்கு இன்னும் கொஞ்சம் மலையாளம் கலந்து பேசிவிட்டு வருவாள்.

இந்தச் சமயத்தில் மாநில அரசைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தில் பெண் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் செல்வி தேறிவிட்டாள். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. ஓட வேண்டும், தாண்ட வேண்டும், ஸ்கிப்பிங் கயிற்றில் மூச்சு விடாமல் குதிக்க வேண்டும். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். அன்றைக்கு அவள் அப்பா முன்னால் போய் நின்றாள்.

"இந்த ஜோலி கிட்டினா கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. கிட்டலைன்னா தை மாசம் நீங்க சொல்ற ஆளைக் கட்டிக்கிறேன். வாக்கு."

"பொறவு மாத்திப் பேசமாட்டியே?"

"பேசமாட்டேன்."

"சரி, அப்படியே வச்சுக்கிடுவோம்" என்றார் அவர். மகள் கண்முன்னே இருக்க வேண்டும் என்கிற ஆசை அவருக்கும் உண்டு. அக்காளுக்குச் சொல்ல ஒரு சாக்கு கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தார். என் ஆசையைக் கேட்கவே வேண்டாம். நான் இந்த ஊரில் வாய் திறந்து பேசுகிற ஒரே பெண்பிள்ளை அவள்தான்.

கிள்ளிப்பாலத்தில் ஒரு பெயிண்ட் கடை மாடியில் புதிதாக ஒரு ஜிம் திறந்திருந்தார்கள். பேப்பரோடு நோட்டீஸ் வந்தது. பெண்களே சேரவில்லை போலிருக்கிறது. இரண்டு பெண்கள் ஜோடியாக வந்தால் முதல் இரண்டு மாதம் இலவசம் என்று போட்டிருந்தது. உதைப் பயிற்சியில் ஒருத்தி உதைக்க, ஒருத்தி மெத்தை பிடிக்க வேண்டுமாம், அதனால் ஜோடி. செல்வியின் சிநேகிதிகள் யாருக்கும் அந்த நேரம் ஒத்துவரவில்லை.

"அந்நிய ஆளு எதுக்கு? நீ போயேன் ஏளா" என்றார் என் வீட்டுக்காரர்.

"நானா? என்ன பேச்சு இது."

"சுகரு ஏறிக் கெடக்குன்னு டாக்டரு சொன்னாருல்ல. எறங்கட்டும்."

சுகருக்காக நான் போகவில்லை. ஜோடி இல்லாததால் அவளுக்கு ஒரு வேலை போயிற்று என்று இருக்கக் கூடாதே என்று போனேன்.

3

அதுவரை நான் சுடிதார் போட்டதில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தைக்கிறவள், எனக்கு நானே அளவெடுக்கும்போது கூச்சம் பிடுங்கித் தின்றது. கருநீலத்தில் தொளதொளவென்று தைத்துப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தெருவைக் கடந்தேன். பாதி வழி வரைக்கும் செல்வி என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

அங்கே சொல்லிக் கொடுக்கிறவன் பிஜு. அவன்தான் முதலாளியும். ஷார்ஜாவில் இதே மாதிரி ஓர் இடத்தில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரன் என்றார்களாம், இங்கே வந்தால் கல்ஃப்காரன் என்கிறார்களாம். இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜிம் என்றால் இரும்பு தூக்குகிற இடம் என்று நினைத்துத்தான் போனேன். இது வேறு. கூடத்தில் வட்டமாக ஒன்பது இடம். ஓரிடத்தில் ஸ்கிப்பிங், ஓரிடத்தில் கையில் எடை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பது, இரண்டு மூன்று இடங்களில் மணல் மூட்டை மாதிரி தொங்குகிற பையைக் குத்துவது, ஓரிடத்தில் பாயில் படுத்து வயிற்றை மடக்குவது. ஒவ்வொரு இடத்திலும் மூன்று நிமிஷம். சுவரில் ஒரு பெட்டி, அது மணி அடிக்கும். அரை நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு எல்லோரும் ஓரிடம் தள்ளிப் போக வேண்டும். வகுப்பு, நேரம் என்று எதுவும் கிடையாது. எப்போது போனாலும் அடுத்த மணிக்கு வட்டத்துக்குள் புகுந்துகொள்ளலாம். ஒருவர் அசந்து நின்றால் பின்னால் வருகிறவர் வந்து முட்டுவார்.

தபசுக்கு நூற்றியெட்டு ஆடிச்சுற்று சுற்றினவள் நான். கோவிலையே சுற்றினவளுக்கு இந்த ஒன்பது இடம் பெரிதா என்று நினைத்தேன். மூன்றாவது இடத்திலேயே கண்ணில் பூச்சி பறந்தது. ஆறாவது இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "மதி, மதி" என்றேன். போதும் என்பதற்கு இங்கே அதுதான் வார்த்தை. பிஜு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "சேச்சி, நாளைக்கு ஏழு" என்றான். மறுநாள் ஏழு இடம். ஒரு வாரத்தில் ஒன்பதாவதுக்கு வந்து சேர்ந்தேன்.

ஒன்பதாவதுதான் உதை. பிஜு இரண்டு கையிலும் தடித் தோல் மெத்தையை மாட்டிக்கொண்டு என் எதிரே நின்றான்.

"சேச்சி, பேடிக்கண்டா. சவிட்டிக்கோ."

பயப்படாமல் உதை என்கிறான். ஒற்றைக் காலில் நின்று மறு காலைத் தூக்கி மெத்தையில் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டின கையோடு குனிந்து, அந்த மெத்தையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. காகிதத்தில் கால் பட்டால் செய்வோமே, யார் மேலாவது தெரியாமல் கால் பட்டால் செய்வோமே, அது மாதிரி கை தானாகப் போய்விட்டது.

பிஜு மெத்தையை இறக்கிவிட்டான். "சேச்சி, இது பகவதியல்ல, பேடாணு" என்றான். சாமி இல்லை, வெறும் மெத்தைதான் என்கிறான். கூடம் முழுவதும் சிரித்தது. மறுபடி உதைக்கச் சொன்னான். மறுபடி உதைத்தேன், மறுபடி தொட்டுக் கும்பிட்டேன். மூன்று நிமிஷத்தில் நாற்பது உதை உதைக்க வேண்டிய இடத்தில் நான் ஏழு உதையும் ஏழு கும்பிடும் போட்டேன்.

செல்வி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, மதி. எல்லாரும் நோக்குது. நாணக்கேடு."

"கால் பட்டுட்டுல்லாட்டி."

"கால் படத்தானேம்மா இதை வச்சிருக்கு."

அவள் சொன்னது நியாயம்தான். அடுத்த நாளிலிருந்து மெத்தையை அவளே பிடித்தாள். அது இன்னும் மோசம். பெற்ற பிள்ளைக்கு நேரே காலைத் தூக்க எனக்கு வரவே இல்லை. அவள் முறை வந்தபோது நான் பிடித்தேன், அவள் உதைத்தாள். ஒரு தடவைகூட அவள் கை மெத்தையைத் தொடப் போகவில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. ஒரே வீட்டில், என் கையால் சோறு தின்று வளர்ந்தவள்தான். எது எது அவளிடம் போய்ச் சேர்ந்தது, எது எது வழியிலேயே நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணுவதைக்கூட அவள் "ஒந்நு, ரெண்டு, மூந்நு" என்றுதான் எண்ணினாள். வலித்தால் மட்டும் "அய்யோ அம்மா" என்றாள்.

ஆனாலும் சொல்கிறேன், அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். திரும்பும்போது வழியில் சர்க்கரை இல்லாத எலுமிச்சை ஜூஸ் குடிப்போம். அவள் கடைக் கதை சொல்லுவாள். ஒரு மாதத்தில் அவள் கயிறு சுற்றுவது கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. ஆனி மாதம் உடல் தகுதித் தேர்வு நடந்தது. செல்வி எல்லாவற்றிலும் தேறினாள். வீட்டுக்குப் போன் செய்து, "அம்மா, கிட்டி" என்றாள். அன்றைக்கு அவர் ஹோட்டலில் எல்லோருக்கும் தன் கையால் ஜாங்கிரி சுற்றிக் கொடுத்தாராம்.

4

பிறகு அந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. சான்றிதழ்களோடு வந்து சேரச் சொல்லியிருந்தது. பட்டியலில் நாலாவது, இந்த மாநிலத்தில் பிறந்தவர் என்பதற்கான நேட்டிவிட்டி சர்டிபிகேட். அந்த இடங்கள் இந்த மாநிலத்தவருக்கு என்று ஒதுக்கியவை. எனக்கு அதைப் படித்ததும் ஒன்றும் உறைக்கவில்லை. போன வருஷம் மகனுக்குக் காலேஜில் இதையே கேட்டார்கள். ஒரே வாரத்தில் வாங்கினோம். அவன் பிறந்தது இங்கே, பெரிய ஆஸ்பத்திரியில்.

செல்வி பிறந்தது இங்கே இல்லை.

இங்கே ஒரு பழைய சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். செல்வி வயிற்றில் இருந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் வாடகை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். "இங்கயே பெத்துக்கோயேன். ஊருல அந்த வசதி கெடையாது" என்றார் அவர். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். தலைப்பிரசவத்தைப் புருஷன் வீட்டில் வைத்துக்கொள்கிறவள் நாதியற்றவள் என்று நம் பக்கத்தில் சொல்வார்களா மாட்டார்களா?

"உங்க அம்மை செத்து ஆறு வருசம் ஆச்சு. தாய் வீடுன்னு எங்க போவ?" என்று கேட்டார்.

"அம்மை இல்லாட்டி வீடு இல்லாமப் போயிருமா? அண்ணன் இருக்காம்லா."

அண்ணன் இருந்தான். மதினிக்கு என்னைச் சுமக்க விருப்பம் இல்லை. வளைகாப்பு என்று நாலு பேருக்குக் கலவை சாதம் கிண்டிப் போட்டாள், அதையும் ஒரு மாதம் சொல்லிக் காட்டினாள். வெந்நீர் போடும்போது பாத்திரத்தை டங்கென்று வைப்பாள். நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். தெருவில் பார்க்கிறவர்கள், "பிரசவத்துக்கு வந்திருக்கியாட்டி?" என்று கேட்டால் போதும், எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அந்தக் கேள்விக்காகத்தான் போனேன். முப்பதாம் நாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். அதன் பிறகு அவள் ஒரு மாதம் சேர்ந்தாற்போல இந்த ஊரைவிட்டு வெளியே எங்கும் இருந்ததில்லை.

இரண்டாவது பிரசவத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதால் மகனை இங்கேயே பெற்றுக்கொண்டேன்.

5

சர்டிபிகேட் கொடுக்கிற வில்லேஜ் அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். செல்வியின் பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்தார்.

"குட்டி ஜனிச்சது எவிடெயா? சங்கரன்கோவிலா?"

எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். பிரசவத்துக்குப் போனது, முப்பதாம் நாள் திரும்பினது, அங்கன்வாடியிலிருந்து காலேஜ் வரைக்கும் இங்கேதான் படித்தாள் என்பது, ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம். அவர் முழுவதும் கேட்டார். இத்தனை வருஷம் குடியிருந்ததற்குச் சர்டிபிகேட் கேட்டால் இப்போதே தருவேன், ஆனால் அவர்கள் கேட்டிருப்பது அது இல்லையே சேச்சி என்றார். பெற்றவர்களில் ஒருவராவது இங்கே பிறந்திருந்தால் பார்க்கலாமாம். நானும் என் வீட்டுக்காரரும் பிறந்தது எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.

நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அவரே ஒரு வழி சொன்னார். பிரசவத்துக்காக மட்டும் சங்கரன்கோவிலுக்கு வந்தார்கள், அங்கே குடியிருந்தவர்கள் அல்ல என்று பிறந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால், மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார்.

இதற்காகத்தான் ஆடி பிறப்பதற்கு முன்னால் நான் ஊருக்கு வந்தேன். உங்களில் ஒருவருக்கும் தெரியாது. காலையில் வந்து சாயங்காலம் போய்விட்டேன். அங்கே அலுவலகத்தில் இருந்தது ஒரு சின்னப் பெண். தாளை நீட்டி, "எங்க ஒப்பு போடணும்?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கையெழுத்தா? அக்கா கேரளாவா?"

"இல்லம்மா, நான் இந்த ஊருதான். கோவிலுக்குத் தெக்க."

"ரேசன் கார்டு எங்க இருக்கு?"

"திருவனந்தபுரத்துல."

விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "இங்க குடியிருந்தாங்கன்னு கேட்டா விசாரிச்சுக் குடுப்போம்க்கா. குடியிருக்கலைன்னு குடுக்கதுக்கு ஃபாரம் கெடையாதே."

அவள் சொன்னதிலும் தப்பு இல்லை. பிறந்த ஊரில் நான் இல்லை. இருக்கிற ஊரில் அவள் பிறக்கவில்லை. மத்தளத்துக்காவது அடிக்கிறவன் ஒருத்தன் எதிரே இருப்பான். இங்கே யார்மேலும் கோபப்பட வழி இல்லை. கோபப்படுவதென்றால் இருபத்துமூன்று வயதில் அழுது ஆர்ப்பாட்டம் செய்த ஒருத்திமேல்தான் படவேண்டும். அம்மன் சந்நிதிக்குப் போகாமலே பஸ் ஏறினேன்.

கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. அது போயிற்று.

6

இலவச மாதத்தில் இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் செல்வி சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்து, "வா, போலாம்" என்றாள். எதற்கு இனிமேல் என்று நினைத்தேன். பின்னாலேயே போனேன்.

எட்டு இடங்களையும் முடித்தோம். ஒன்பதாவதில் நான் மெத்தையை மாட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் நான் கிழவி என்று அவள் மெல்லத்தான் உதைத்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் உதையிலேயே தோள்வரை அதிர்ந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுட்டி."

"தம்பியை இங்க பெத்தே அல்லே?" ஓர் உதை. "என்னை மட்டும் எதுக்கு அங்க கொண்டு போயிப் பெத்தே?"

மணி அடித்தது. பின்னால் வந்த இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டு, எங்களைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் போனார்கள். செல்வி நகரவில்லை.

"இங்க ஆஸ்பத்திரி இல்லாமலா? ஆரு போகச் சொன்னது?"

நெற்றியில் வேர்வை வழிய, மூச்சு இரைக்க என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்தப் பார்வைக்கு முன்னால் என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை.

"உங்க அப்பாதான்" என்றேன். "தலைப்பிரசவம் அங்கதான் பாக்கணும்னு ஒத்தக் காலுல நின்னாரு. நான் மாட்டேன்னுதான் சொன்னேன்."

அவள் உதைத்தாள். எத்தனை உதை என்று தெரியாது. கடைசி உதையில் நான் பின்னால் தடுமாறி, பாய் விளிம்பில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். பிஜு ஓடி வந்து ஐஸ் வைத்துக் கட்டினான். செல்வி என்னைக் கைத்தாங்கலாக மாடிப்படி இறக்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வழி முழுவதும் என் கணுக்காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்கு வலி தெரியவில்லை. பொய் சொன்னவளின் காலைப் பிடித்துவிடுகிறாளே என்று அதுதான் தாங்கவில்லை.

அவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். செல்வி நேரே போய்க் கேட்டாள்.

"அப்பாதானே அம்மாவை அங்க அனுப்பிச்சது? அம்மா வேண்டாம்னு சொல்லியும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"ஆமாம்மா" என்றார். "நாந்தான் அனுப்புனேன். அன்னைக்கு எனக்கு என்ன தெரியும்?"

7

அதிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. கேட்டால் பதில் உண்டு. அவளாக ஒரு சொல் கிடையாது. அவர் வழக்கம்போல் ஹோட்டலிலிருந்து பொட்டலம் கொண்டு வருகிறார். அவள் பிரிப்பதில்லை. மறுநாள் காலையில் அவரே எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். என்னோடு அவள் முன்னைவிட அன்பாக இருக்கிறாள். என் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுகிறாள். "நீ பாவம்மா" என்கிறாள். இந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செத்துப்போகலாம் போலிருக்கிறது.

அவரிடம் ஒரு நாள் தனியாகக் கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீக?"

"வேற என்ன சொல்ல? கட்டிக் குடுத்து அனுப்புத பிள்ளை. பொறந்த வீட்டுல ஒருத்திகிட்டயாவது மொகம் குடுத்துப் பேசணும்லா. அது நீயாவே இருந்துட்டுப் போ" என்றார். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. திட்டியிருக்கலாம், இரண்டு அடி அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தபசுக்கு ஊருக்கு வருவதென்றால் அந்த மனுஷன் பக்கத்தில் அத்தனை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வர வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. சுளுக்கு என்று சொன்னேன்.

செல்வி வாக்கு மாறவில்லை. தை மாதம் முகூர்த்தம் குறித்தாயிற்று. கல்யாண ஜாக்கெட்டை நான்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். அளவெடுக்கும்போது தோளும் கையும் அந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு திரண்டுவிட்டன என்று பார்த்தேன். தறி வீட்டுக்குப் போய் அந்தத் தோளை வைத்துக்கொண்டு என்ன செய்வாளோ.

வெளிநாடு போனவர்கள் எல்லோரும் பிள்ளைகள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். என் பிள்ளை திரும்பி வருகிறாள். அவளுக்கு அதுதான் வெளிநாடு. அங்கே அவளுக்குச் சிநேகிதி இல்லை, கடை தெரியாது, கோபம் வந்தால் வாயில் மலையாளம்தான் வரும். கொண்டு போய்விட்டுவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன்.

பேர் போட வேண்டாம் என்று ராஜத்திடம் சொல்லியிருக்கிறேன். போடாவிட்டாலும் உங்களுக்கு ஆள் தெரியாமல் போகாது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தை பிறந்தால் அவள் உங்கள் நடுவில்தான் இருப்பாள். இதைப் பற்றி ஒருவரும் அவளிடம் வாய் திறக்க வேண்டாம். அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இங்கேதானே இருக்கப் போகிறாள், எதற்கு என்று விட்டுவிட்டேன். நேருக்கு நேர் அவளிடம் சொல்ல எனக்கு இந்த ஜன்மத்தில் துணிவு வராது. அதனால்தான் இதை எழுதினேன். இந்த மலர் அங்கே வீட்டுக்கு வீடு பரணிலும் அலமாரியிலும் கிடக்கும். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கடைப் பலகை என்று கண்ணில் படுவதெல்லாம் அங்கே தமிழ்தான். அவள் கெட்டிக்காரி. ஒரு வருஷத்தில் எழுத்துக் கூட்டி இதையும் படித்துவிடுவாள்.